கிராமத்து மின்பாதையில் காற்றின் மின்சாரம்

(மைசூரில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய கருத்தரங்கில் மைய அரசு அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



மின்சாரத்தைப் பற்றிப் பேசுவதற்கு மைசூர்ச் சீமையைப் போலப் பொருத்தமான இடம் நம் நாட்டில் அதிகமில்லை. 1902ஆம் ஆண்டில், காவிரி பாய்ந்து விழும் சிவசமுத்திரத்தில் உற்பத்தியான மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கம்பி வழியே சென்று கோலார் தங்கச் சுரங்கங்களை இயக்கியது. அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்பாதைகளுள் அதுவும் ஒன்று. 1905இல் பெங்களூரும், பின்னர் மைசூர் நகரும் அந்த மின்சாரத்தால் ஒளி பெற்றன.

அந்தப் பழைய திட்டத்தில் பொருளாதார மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மின்சாரம் எங்கே பிறக்கும், எங்கே செலவாகும், எவ்வளவு செலவாகும் என்பன யாவும் முன்னரே அறியப்பட்டிருந்தன. மின்நிலையமும் மின்பாதையும் ஒரே திட்டத்தின் இரு உறுப்புகளாக வகுக்கப்பட்டன. இரண்டின் செலவும் ஒரே கணக்கில் எழுதப்பட்டது.

காற்று மின்சாரத்தின் நிலை வேறு. காற்றாலையை நிறுவுகிறவர் ஒருவர்; கம்பியைப் போடுகிறவர் மற்றொருவர். காற்றாலை ஓராண்டுக்குள் எழுந்து விடும். உயர் அழுத்த மின்பாதை அமையச் சில ஆண்டுகள் பிடிக்கும். காற்றாலைக்கு வரிச் சலுகை உண்டு. கம்பிக்கு அப்படி எதுவும் இல்லை. இந்த இடைவெளியால் கிராமத்து மின்பாதைகள் தாங்கும் சுமை என்ன, அதன் செலவை யார் ஏற்பது முறையாகும் என்பதே என் உரையின் பொருள்.

ஒருவழிப் பாதை

நம் கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டு செல்லும் பாதைகள் எவ்வாறு அமைக்கப்பட்டன என்பதை முதலில் நினைவு கொள்ள வேண்டும். 1969இல் ஊரக மின்மயமாக்கல் கழகம் தோற்றுவிக்கப்பட்டது. கையிலுள்ள நிதியைக் கொண்டு எத்தனை கிராமங்களுக்கு விளக்கேற்றலாம், எத்தனை பம்புசெட்டுகளுக்கு இணைப்புத் தரலாம் என்பதே அக்காலத்தின் கேள்வி. உணவுப் பற்றாக்குறை நிலவிய நாட்டில் அது நியாயமான கேள்வியே. ஆகவே துணை மின்நிலையத்திலிருந்து புறப்படும் 11 கிலோவோல்ட் அல்லது 22 கிலோவோல்ட் பாதைகள் குறைந்த செலவில், மெல்லிய கம்பியால், நீண்ட தூரத்துக்கு இழுக்கப்பட்டன.

இப்பாதையை ஒரு பாசன வாய்க்காலுக்கு ஒப்பிடலாம். தலைமடையில் வாய்க்கால் அகலமாக இருக்கும். ஒவ்வொரு மதகிலும் நீர் பிரியப் பிரிய அது குறுகிக் கொண்டே போய், கடைமடையில் ஓர் ஓடையாக முடியும். மின் வழங்கு பாதையும் அப்படித்தான். பொறியாளர்கள் இதனை 'ஃபீடர்' என்பர். துணை மின்நிலையத்தின் அருகே கம்பி தடிமனாகவும், ஊர்க்கோடியில் மெல்லியதாகவும் இருக்கும். மின்சாரம் ஒரு திசையில் மட்டுமே பாயும் என்னும் நம்பிக்கையில் அமைந்த கட்டுமானம் அது.

காற்றோ ஊர்க்கோடியிலும் மலைச்சரிவிலும் கணவாயின் வாயிலிலுமே பலமாக வீசுகிறது. எனவே காற்றாலை அமையும் இடம் பெரும்பாலும் மின்பாதையின் கடைமடையாகவே இருக்கிறது. கடைமடையில் ஓர் ஊற்றைத் தோண்டி, அதன் நீரைத் தலைமடைக்கு ஏற்றுமாறு வாய்க்காலைக் கேட்பது போன்றது இது.

இரண்டு மெகாவாட் செய்யும் வேலை

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். துணை மின்நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டர் தொலைவில், 11 கிலோவோல்ட் பாதையின் முனையில், 2 மெகாவாட் திறனுள்ள ஒரு காற்றாலை இணைக்கப்பட்டுள்ளதாகக் கொள்வோம். கிராமப்புறங்களில் பரவலாகப் பயன்படும் கம்பி வகை ஒன்றின் மின்தடை கிலோமீட்டருக்குச் சுமார் 0.55 ஓம். பத்துக் கிலோமீட்டருக்கு 5.5 ஓம் ஆகிறது. நள்ளிரவு நேரம், பம்புசெட்டுகள் ஓடவில்லை, காற்று முழு வேகத்தில் வீசுகிறது. காற்றாலை தரும் மின்சாரம் முழுவதும் துணை மின்நிலையத்தை நோக்கித் திரும்பிப் பாய வேண்டியிருக்கிறது. அப்போது பாதையின் முனையில் மின்னழுத்தம் ஏறத்தாழ 900 வோல்ட் உயர்ந்து 11,900 வோல்ட்டை நெருங்கும். இது 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட உயர்வு. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் இத்தகைய பாதைக்கு அனுமதித்த உயர்வு 6 சதவீதம் மட்டுமே. அதோடு, உற்பத்தியாகும் 2,000 கிலோவாட்டில் சுமார் 150 கிலோவாட் கம்பியைச் சூடேற்றுவதிலேயே வீணாகிறது.

இந்த உயர்வைத் தாங்குகிறவர் யார்? அதே பாதையில் இணைப்புப் பெற்றுள்ள உழவரும் குடும்பத்தாரும்தான். மிகை அழுத்தத்தால் விளக்குகள் கெடுகின்றன. மோட்டாரின் சுருள்கள் சூடேறுகின்றன. சரி, துணை மின்நிலையத்தில் அழுத்தத்தைக் குறைத்து வைக்கலாம் என்றால், அங்கிருந்தே புறப்படும் வேறு பாதைகளில், காற்றாலையே இல்லாத ஊர்களின் கடைக்கோடியில் அழுத்தம் தாழ்ந்து, மோட்டார் ஓட மறுக்கிறது. ஓர் ஊரின் மிகையைத் திருத்தப் போய் மற்றோர் ஊருக்குக் குறையை உண்டாக்குகிறோம்.

காற்று ஒரே சீராக வீசுவதுமில்லை. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். ஆகவே காற்றில் ஏற்படும் சிறு மாற்றமும் மின் உற்பத்தியில் பெரும் மாற்றமாகத் தோன்றுகிறது.

இதனால் கிராமத்துப் பாதையில் காற்றாலையே கூடாது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஊரின் தேவையை ஒட்டிய அளவில் காற்றாலை இருந்தால் நன்மையே விளைகிறது. தொலைவிலிருந்து வர வேண்டிய மின்சாரம் அருகிலேயே கிடைப்பதால் கம்பியில் இழப்பு குறைகிறது. கடைக்கோடியில் தாழ்ந்து கிடந்த அழுத்தம் நிமிர்கிறது. ஊரின் தேவையைவிட உற்பத்தி மிக அதிகமாகும்போதுதான் இழப்பு மீண்டும் ஏறத் தொடங்குகிறது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இங்கும் பொருந்தும். அந்த அளவு எது என்பதை ஒவ்வொரு பாதைக்கும் கணக்கிட முடியும். கம்பியின் வகை, நீளம், மின்மாற்றியின் திறன், நள்ளிரவின் மிகக் குறைந்த தேவை ஆகிய நான்கும் தெரிந்தால் பெரும்பாலும் போதும்.

எதிர்வினைத் திறனும் பாதுகாப்பும்

நம் நாட்டில் முதற்கட்டமாக நிறுவப்பட்ட காற்றாலைகள் பெரும்பாலும் தூண்டல் மின்னாக்கிகளைக் கொண்டவை. இவை எளியவை, உறுதியானவை, விலை குறைந்தவை. ஆனால் தமக்கு வேண்டிய காந்தப் புலத்தை உண்டாக்கிக் கொள்ள, பாதையிலிருந்தே எதிர்வினைத் திறனை இழுப்பவை. பொறியாளர்கள் 'ரியாக்டிவ் பவர்' என்று வழங்குவது இதனையே. இது வேலை செய்யாத மின்னோட்டம். ஆயினும் கம்பியில் இடம் பிடித்துக் கொள்ளும். பேருந்தில் பயணச்சீட்டு வாங்காமல் இருக்கையில் அமர்ந்திருப்பவரைப் போன்றது எனலாம். இதனை ஈடுசெய்ய ஒவ்வொரு காற்றாலையிலும் மின்தேக்கிகள் பொருத்தப்படுகின்றன. அவை பழுதானாலும் காற்றாலை ஓடிக்கொண்டுதான் இருக்கும். விற்கும் யூனிட்டுகள் குறைவதில்லை. ஆகவே பழுதை உடனே சரிசெய்ய உரிமையாளருக்குத் தூண்டுதல் இல்லை. தமிழ்நாட்டில் எதிர்வினைத் திறனுக்குத் தனிக் கட்டணம் விதிக்கப்பட்டதன் காரணம் இதுவே. தீங்கைச் செய்பவரே அதன் விலையைக் கொடுக்க வேண்டும் என்னும் பொருளாதாரக் கோட்பாட்டுக்கு இது ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

பாதுகாப்பு மற்றொரு செய்தி. மழைக்காலத்தில் கம்பி அறுந்து வயலில் விழுகிறது. துணை மின்நிலையத்தில் மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. முன்பெல்லாம் அத்துடன் பாதை உயிரற்றதாகிவிடும். மறுமுனையில் காற்றாலை இருந்தால், அது சில நொடிகளேனும் பாதைக்கு உயிரூட்டிக் கொண்டிருக்கக்கூடும். மின்தேக்கிகள் உள்ள இடத்தில் அழுத்தம் அளவு மீறி எழவும் கூடும். கம்பத்தில் ஏறும் கம்பியாளரின் உயிர் இதில் அடங்கியிருக்கிறது. பாதையில் மின்சாரம் நின்ற கணமே காற்றாலை தானாகப் பிரிந்துகொள்ள வேண்டும் என்னும் விதியில் எவ்விதத் தளர்வும் காட்டலாகாது.

முறை வைத்து மின்சாரம் வழங்கப்படும் பாசனப் பாதைகளில் வேறொரு தொல்லை உண்டு. பம்புசெட்டுகளுக்கான நேரம் முடிந்து பாதை நிறுத்தப்பட்டால், நல்ல காற்றில் காற்றாலையும் நின்று போகும். காற்றாலைக்காகப் பாதையை நிறுத்தாமல் வைத்தால், பம்புசெட்டுகளுக்கான முறை குலைந்து போகும். இருவருக்கும் ஒரே கம்பி என்பது இரு தரப்புக்குமே வசதியன்று.

தமிழ்நாட்டின் அனுபவம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகளான ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு ஆகிய கணவாய்களின் வழியே தென்மேற்குப் பருவக் காற்று தமிழ்நாட்டுக்குள் விரைந்து நுழைகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் முன்னோர் சொன்ன காற்று இதுவே. 1986இல் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் செயல்விளக்கக் காற்றாலைகள் நிறுவப்பட்டன. அவை ஒவ்வொன்றும் 55 கிலோவாட் அளவிலானவை. அடுத்து, டென்மார்க் அரசின் 'டானிடா' உதவியுடன் முப்பந்தலிலும் கயத்தாறிலும், குஜராத்தில் லம்பாவிலும் பெரிய அளவிலான காற்றாலைத் தொகுதிகள் எழுந்தன. இத்தகைய சிறு அளவுகளை அருகிலிருந்த கிராமத்து மின்பாதைகள் அதிகத் தொல்லையின்றி ஏற்றுக்கொண்டன.

1990களில் நிலைமை மாறியது. காற்றாலையில் முதலீடு செய்வோருக்கு முதல் ஆண்டிலேயே 100 சதவீதத் தேய்மானக் கழிவு அனுமதிக்கப்பட்டது. பின்னர் அது 80 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. கோவை, திருப்பூர்ப் பகுதிகளின் பஞ்சாலைகளும் பிற நிறுவனங்களும் பெருமளவில் முதலீடு செய்தன. ஆரல்வாய்மொழிக் காற்றில் பிறந்த மின்சாரம் வாரியத்தின் கம்பி வழியே சென்று கோவையின் கதிர்களைச் சுழற்றியது. தனியார் மூலதனம் ஒரு புதிய துறைக்குள் இவ்வளவு விரைவாக நுழைந்தது பாராட்டத்தக்க சாதனை என்பதில் ஐயமில்லை. 2005 மார்ச்சில் சுமார் 2,000 மெகாவாட்டாக இருந்த தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன், 2012 மார்ச்சில் 7,000 மெகாவாட்டை நெருங்கியது.

ஆனால் தேய்மானக் கழிவு என்பது இயந்திரத்தை நிறுவியதற்குக் கிடைக்கும் பரிசு. அது உற்பத்தி செய்த யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் பரிசன்று. நிதியாண்டு முடிவதற்குள் காற்றாலையைப் பாதையுடன் இணைத்துவிட வேண்டும் என்னும் அவசரம் எழுந்தது. பாதையால் தாங்க முடியுமா என்னும் கேள்வி பின்னுக்குப் போயிற்று. கிராமத்து 11, 22 கிலோவோல்ட் பாதைகள் நிரம்பி வழிந்தன. அதன் பின்னரே காற்றாலைகளுக்கெனத் தனித் துணை மின்நிலையங்களும், ஊருக்குள் செல்லாத தனி வழங்கு பாதைகளும் அமைக்கப்பட்டன. அவற்றின் செலவை ஈடுசெய்ய, மெகாவாட்டுக்கு இவ்வளவு என்று கட்டமைப்பு வளர்ச்சிக் கட்டணம் உரிமையாளர்களிடம் பெறப்பட்டது. 2009 டிசம்பரில் மைய அரசு யூனிட்டுக்கு 50 பைசா என்னும் உற்பத்தி அடிப்படையிலான ஊக்கத்தொகையை அறிவித்தது. நிறுவியதற்கன்றி உற்பத்திக்குப் பரிசு என்னும் சரியான திசையில் வைக்கப்பட்ட அடி அது.

கிராமத்துப் பாதையில் தீர்ந்த நெருக்கடி மேல்நிலைப் பாதைக்கு இடம்பெயர்ந்தது. துணை மின்நிலையங்களில் திரண்ட மின்சாரத்தை மாநிலத்தின் பிற பகுதிகளுக்குக் கொண்டு செல்லப் போதிய 230, 400 கிலோவோல்ட் பாதைகள் அமைந்திருக்கவில்லை. 2010களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் நகரங்களும் ஊர்களும் நீண்ட மின்வெட்டைச் சந்தித்தன. அதே ஆண்டுகளில், நல்ல காற்று வீசிய நாட்களில், ஓடக்கூடிய காற்றாலைகள் நிறுத்தப்படவும் நேர்ந்தது. ஒருபுறம் பற்றாக்குறை, மறுபுறம் வீணாகும் மிகுதி. இரண்டுக்கும் நடுவே இல்லாதது கம்பி ஒன்றுதான். தென் மண்டல மின்தொகுப்பு நாட்டின் பிற பகுதிகளுடன் ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதை வழியே ஒன்றிணைந்தது 2013 டிசம்பர் 31 அன்றுதான்.

கர்நாடகத்தின் நிலை

கர்நாடகத்தில் சித்திரதுர்கா, கதக் மாவட்டங்களின் குன்றுகளிலும் பிற இடங்களிலும் காற்றாலைகள் நிற்கின்றன. 2025 மார்ச்சில் இந்தியாவின் காற்றாலைத் திறன் 50,000 மெகாவாட்டைக் கடந்தபோது, குஜராத், தமிழ்நாடு ஆகியவற்றுக்கு அடுத்து மூன்றாம் இடத்தில் இருந்தது கர்நாடகம்.

இம்மாநிலத்தில் கவனிக்கத்தக்கது நிர்வாக அமைப்பு. 1999இல் மின் செலுத்துகைக்கெனத் தனிக் கழகம் அமைந்தது. 2002இல் மின் வழங்கல், வட்டார நிறுவனங்களிடம் பிரித்துத் தரப்பட்டது. இம்மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட சாமுண்டேசுவரி மின் வழங்கு நிறுவனம் 2005இல் தனியே இயங்கத் தொடங்கியது. இதனால் பொறுப்புகள் தெளிவாயின. அதே வேளையில் ஒரு புதிய கேள்வியும் பிறந்தது. ஒரு மாவட்டத்தின் குன்றில் பிறக்கும் மின்சாரம் பெங்களூரின் தொழிற்சாலைக்குச் செல்கிறது. அந்தக் குன்றின் அடிவாரத்துப் பாதையைப் பலப்படுத்தும் செலவை அவ்வட்டாரத்து நுகர்வோர் மட்டும் ஏற்பது நியாயமா? காற்று வளம் மிகுந்த வட்டாரங்கள் பெரும்பாலும் மழை குறைந்த, வருவாய் குறைந்த வட்டாரங்கள் என்பதை எண்ணினால் இக்கேள்வியின் கனம் விளங்கும்.

வேறொரு துறையில் கர்நாடகம் முன்னோடியாகவும் விளங்குகிறது. காற்று, சூரிய மின் உற்பத்தியை முன்கூட்டியே மதிப்பிட்டு அறிவிக்கவும், பெரிதும் பிழைத்தால் ஈடு செலுத்தவும் வகைசெய்யும் ஒழுங்குமுறையை இம்மாநிலத்தின் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2015ஆம் ஆண்டிலேயே வகுத்தது. காற்றை நம்மால் ஏவ முடியாது; ஆனால் அதன் வருகையை ஓரளவு அறிந்து ஆயத்தமாக இருக்க முடியும்.

செலவு யாருடையது?

இனி மையக் கேள்விக்கு வருவோம். காற்றாலையை இணைப்பதற்கு ஆகும் செலவு இரு பகுதிகளைக் கொண்டது. காற்றாலையிலிருந்து மிக அருகிலுள்ள இணைப்புப் புள்ளி வரையிலான கம்பி முதற்பகுதி. அந்தப் புள்ளிக்கு அப்பால், கூடுதல் சுமையைத் தாங்குவதற்காக ஏற்கெனவே உள்ள பாதைகளையும் மின்மாற்றிகளையும் பலப்படுத்துவது இரண்டாம் பகுதி. முதற்பகுதியை உரிமையாளர் ஏற்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு குறைவு. சிக்கல் இரண்டாவதில்தான்.

முழுச் செலவையும் உரிமையாளரே ஏற்க வேண்டும் என்றால், ஒரு பாதையில் முதலில் வந்த ஒன்பது பேர் செலவின்றி இணைந்துவிட, பாதை நிரம்பியபின் வரும் பத்தாமவர் தலையில் புதிய மின்மாற்றியின் விலை முழுவதும் விழும். அவருக்குப் பின் வரும் பதினோராமவர் மீண்டும் இலவசமாக இணைவார். இது நீதியன்று, திட்டமிடலுக்கும் உதவாது. மாறாக, முழுச் செலவையும் மின் வழங்கு நிறுவனமே ஏற்க வேண்டும் என்றால், கம்பி எட்டாத காட்டிலும் காற்றாலை நிறுவ எவரும் தயங்கமாட்டார். சுமை சாதாரண நுகர்வோரின் கட்டணத்தில் ஏறும்.

டென்மார்க்கில் 1980களில் உழவர்களும் ஊர்க் கூட்டுறவுகளும் நிறுவிய காற்றாலைகள் பெரும்பாலும் நம் 11 கிலோவோல்ட்டுக்கு ஒப்பான உள்ளூர்ப் பாதைகளிலேயே இணைக்கப்பட்டன. அங்கே வகுக்கப்பட்ட முறைப்படி, இணைப்புப் புள்ளி வரையிலான செலவை உரிமையாளர் ஏற்றார். வலையமைப்பைப் பலப்படுத்தும் செலவை மின் நிறுவனம் ஏற்று, நுகர்வோர் அனைவரிடமும் பரவலாகப் பெற்றது. காற்றாலை வைத்திருந்தவரும் மின்கட்டணம் செலுத்தியவரும் பல இடங்களில் ஒரே ஊர்க்காரர்களாக இருந்தமையால் அம்முறை எளிதில் ஏற்கப்பட்டது. நம் நாட்டில் காற்றாலையின் உரிமையாளர் நகரத்து நிறுவனமாகவும், அடிவாரத்து நுகர்வோர் சிறு உழவராகவும் இருப்பதால், அம்முறையை அப்படியே எடுத்துக்கொள்ள இயலாது.

நம் நாடு மெல்ல ஒரு நடுவழியை நோக்கி வந்திருக்கிறது. மாநிலங்களுக்குள் பசுமை மின்வழித் திட்டத்தின் முதற்கட்டம் 2015இல் தமிழ்நாடு, கர்நாடகம் உள்ளிட்ட எட்டு மாநிலங்களுக்கு ஒப்புதல் பெற்றது. அதில் 40 சதவீதம் மைய அரசின் மானியம். 40 சதவீதம் ஜெர்மானிய வங்கியின் கடன். 20 சதவீதம் மாநிலத்தின் பங்கு. 2022 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற இரண்டாம் கட்டத்தில் மைய அரசின் மானியம் 33 சதவீதம். காற்று வளம் ஒரு மாநிலத்தின் மலையில் இருந்தாலும், நிலக்கரியை மிச்சப்படுத்தும் நன்மை நாடு முழுமைக்கும் உரியது. ஆகவே கம்பியின் செலவில் நாட்டுக்கும் பங்குண்டு என்னும் கொள்கை இதனால் ஏற்கப்பட்டிருக்கிறது. ஆனால் இத்திட்டம் உயர் அழுத்தப் பாதைகளுக்கானது. உழவரின் மோட்டார் இணைந்திருக்கும் கீழ்நிலைப் பாதைக்கும் இதே சிந்தனை இறங்கி வர வேண்டும்.

விதிகளும் புதிய இயந்திரங்களும்

தொழில்நுட்பமும் வளர்ந்திருக்கிறது. மின்னணுக் கட்டுப்பாடு கொண்ட இன்றைய பெரிய காற்றாலைகள் எதிர்வினைத் திறனை இழுப்பதோடு, வேண்டும்போது தரவும் வல்லவை. அழுத்தம் ஏறினால் இறக்கவும், இறங்கினால் ஏற்றவும் துணை செய்ய முடியும். மைய மின்சார ஆணையத்தின் 2007ஆம் ஆண்டு இணைப்புத் தரநிலைகளும், காற்றாலைகளைத் தனியே கருதிய 2013ஆம் ஆண்டுத் திருத்தமும் இத்திறன்களை வற்புறுத்துகின்றன. 66 கிலோவோல்ட்டும் அதற்கு மேலும் உள்ள பாதையில் இணையும் தொகுதிகள், அழுத்தம் ஒரு கணம் இயல்பளவின் 15 சதவீதமாக வீழ்ந்தாலும் 300 மில்லிவினாடி வரை பிரியாமல் தாக்குப்பிடிக்க வேண்டும். கீழ்நிலைப் பாதைகளில் இணையும் சிறு உற்பத்தி நிலையங்களுக்கெனத் தனித் தரநிலைகளும் அதே 2013இல் வெளியாயின.

ஒரு நுட்பத்தை அலுவலர்கள் நினைவில் கொள்ள வேண்டும். மேல்நிலைப் பாதையில் உள்ள காற்றாலை, தடுமாற்றத்தின்போது பிரியாமல் நின்று மின்தொகுப்பைக் காக்க வேண்டும். ஊருக்குள் செல்லும் பாதையில் உள்ள காற்றாலை, மின்சாரம் நின்றதும் பிரிந்து கம்பியாளரைக் காக்க வேண்டும். எந்தக் காற்றாலை எந்தப் பாதையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் கடமை அமைகிறது.

பழைய காற்றாலைகளின் இடத்தில்

இன்று இக்கேள்வி புதிய வடிவில் நம்முன் நிற்கிறது. 1990களில் நிறுவப்பட்ட சிறு காற்றாலைகளே நாட்டின் மிகச் சிறந்த காற்று வீசும் இடங்களை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றை அகற்றி, 2 மெகாவாட்டும் அதற்கு மேலும் திறனுள்ள இயந்திரங்களை நிறுவினால் அதே நிலத்தில் பன்மடங்கு மின்சாரம் பெறலாம். இதற்கென மைய அரசு 2016இலும் 2023இலும் கொள்கைகளை வெளியிட்டது. தமிழ்நாடு அரசு 2024இல் தனிக் கொள்கை வகுத்தது. ஆனால் அந்தச் சிறு காற்றாலைகள் பலவற்றின் கம்பி, அன்று போட்ட 11, 22 கிலோவோல்ட் பாதையே. இயந்திரத்தை மாற்றிக் கம்பியை மாற்றாவிட்டால், முன்பு கண்ட தொல்லைகள் அனைத்தும் பெரிய அளவில் திரும்பி வரும். கம்பியையும் சேர்த்துத் திட்டமிட்டால், முன்பு பிரிந்துபோன இரு கணக்குகளையும் ஒன்றாக்கும் வாய்ப்பு இது.

செய்ய வேண்டியவை

முடிவாகச் சில கருத்துகளை அலுவலர்களின் கவனத்துக்கு வைக்க விரும்புகிறேன்.

முதலாவதாக, ஒவ்வொரு துணை மின்நிலையமும், ஒவ்வொரு வழங்கு பாதையும் இன்னும் எவ்வளவு காற்று மின்சாரத்தை ஏற்கும் என்பதைக் கணக்கிட்டு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இடம் இருக்கிறதா என்பதை அறிய அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டிய நிலை இருக்கக் கூடாது. வெளிப்படையான கணக்கு, சலுகைக்கும் சிபாரிசுக்கும் இடமில்லாமல் செய்யும்.

இரண்டாவதாக, பாதையைப் பலப்படுத்தும் செலவைக் கடைசியாக வந்தவர் தலையில் சுமத்தாமல், அப்பாதையைப் பயன்படுத்தும் காற்றாலைகள் யாவும் தத்தம் மெகாவாட் அளவுக்கேற்பப் பகிர வேண்டும். உழவருக்கும் பயன்தரும் பகுதிக்குப் பொது நிதி உதவலாம்.

மூன்றாவதாக, மின்பாதை ஆண்டு முழுவதும் பயன்பட வேண்டும். காற்றாலைக்கெனப் போட்ட கம்பி, காற்று ஓய்ந்த மாதங்களில் பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கிறது. அதே கம்பியில் பகலில் சூரிய மின்சாரத்தையும் ஏற்ற, 2018ஆம் ஆண்டின் காற்று–சூரியக் கலப்புக் கொள்கை வழிசெய்கிறது. ஒரு கம்பியின் செலவை இருவர் பகிர்ந்தால் யூனிட்டுக்கு ஆகும் செலவு குறையும்.

நான்காவதாக, அடிவாரத்து ஊரின் மின்னழுத்தத்தைத் தொடர்ந்து பதிவு செய்ய வேண்டும். காற்றாலையில் ஒவ்வொரு யூனிட்டையும் அளக்கும் கருவி இருக்கிறது. அதே பாதையின் கடைசி வீட்டில் எவ்வளவு அழுத்தம் வருகிறது என்பதை அளக்கும் கருவி பெரும்பாலும் இல்லை. அளக்காத குறைக்கு ஆதாரமில்லை. ஆதாரமில்லாத குறைக்கு ஈடும் கிடைப்பதில்லை.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொறியியல் பயில்வோர் செலவுக் கணக்கையும், பொருளியல் பயில்வோர் மின்னழுத்தக் கணக்கையும் சற்றேனும் கற்றுக்கொள்ளுங்கள். நான் இங்கே காட்டிய கணக்கு பள்ளி இறுதி வகுப்புக்கு மேற்பட்டதன்று. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஒரு துணை மின்நிலையத்துக்குச் சென்று, பொறுப்பாளரின் இசைவுடன் ஒரு பாதையின் நீளம், கம்பியின் வகை, இரவு நேரச் சுமை ஆகியவற்றைக் கேட்டறிந்து, அப்பாதை எவ்வளவு தாங்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

சிவசமுத்திரத்தில் அருவியையும் கம்பியையும் ஒரே கணக்கில் எழுதினார்கள். காற்றுக்கும் அந்த முறையே பொருந்தும். முதலில் பாதை, அதன் தாங்கும் திறனுக்கேற்பக் காற்றாலை, இரண்டுக்குமான செலவில் அனைவருக்கும் நியாயமான பங்கு. இந்த வரிசை தவறாமல் காக்கப்பட்டால், மலையில் வீசும் காற்று நகரத்துத் தொழிற்சாலைக்குப் பயன்படுவது போலவே அடிவாரத்து உழவரின் கிணற்றுக்கும் பயன்படும்.